விமானிகளின் முதுகில் உயிரைக் கட்டிவிட்ட நாடக நடிகர்: கிளெப் கொட்டெல்னிகோவ்

சிங்கப்பூர் தேசிய தினக் கொண்டாட்டத்தில் 'ரெட் லயன்ஸ்' வீரர்கள் வானத்திலிருந்து இறங்கும்போது அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். கோலாலம்பூர் கோபுரத்தின் உச்சியிலிருந்து வான்குடையுடன் குதிப்பவர்களை நம் மக்கள் அண்ணாந்து பார்த்து வியந்திருக்கிறார்கள். குதிக்கும் ஒவ்வொருவரின் முதுகிலும் பள்ளிப் பை போன்ற ஒரு பை இருக்கும். அவரது உயிர் அந்தப் பைக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வான்குடை மனிதனின் உடலோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது இன்று சாதாரணமாகத் தெரியலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அதை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அந்த எண்ணத்துக்காகப் போராடிய முன்னோடிகளில் முக்கியமானவர் ரஷ்யாவின் கிளெப் கொட்டெல்னிகோவ். அவர் விமானியோ விமானப் பொறியாளரோ அல்லர். மேடை நாடகங்களில் நடித்துப் பிழைத்தவர்.

கணிதப் பேராசிரியரின் மகன்

கொட்டெல்னிகோவ் 1872 ஜனவரி 30-ஆம் தேதி செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை இயந்திரவியலும் உயர் கணிதமும் கற்பித்த பேராசிரியர். வீட்டில் படிப்புக்கு இருந்த மதிப்பு பாட்டுக்கும் நாடகத்துக்கும் இருந்தது. சிறுவன் கிளெப் பாடினான், வயலின் வாசித்தான். கையில் கிடைத்த மரத்துண்டையும் கம்பியையும் கொண்டு பொம்மைகளும் சிறு கருவிகளும் செய்தான். பின்னாளில் அவர் உருவாக்கியவற்றில் இந்த இரண்டு ஆர்வங்களும் கலந்திருந்தன.

கீவ் இராணுவப் பள்ளியில் பயின்று 1894-இல் தேர்ச்சி பெற்ற அவர், சில ஆண்டுகள் பீரங்கிப் படையில் பணியாற்றினார். படை வாழ்க்கை மனத்துக்கு ஒட்டவில்லை. அதை விட்டு விலகிக் கலால் வரித் துறையில் அதிகாரியானார். 1899-இல் யூலியா வோல்கோவா என்பவரை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.

மாநில ஊர்களில் வரி அதிகாரியாக இருந்த காலத்திலும் மாலை நேரங்களில் நாடகக் குழுக்களை அமைத்து நடித்து வந்தார். 1910-இல், 38 வயதில், நிலையான அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பீட்டர்ஸ்பர்க் திரும்பி, அங்கிருந்த 'மக்கள் இல்லம்' நாடகக் குழுவில் சேர்ந்தார். குடும்பத்தைச் சுமந்த ஒருவர் எடுத்த துணிச்சலான முடிவு அது. அதே ஆண்டில் நடந்த ஒரு மரணம் அவரை இன்னொரு பாதைக்கும் அழைத்துச் சென்றது.

கண்ணெதிரே விழுந்த விமானி

1910-இல் ரஷ்யாவின் முதல் தேசிய வான்பயண விழா பீட்டர்ஸ்பர்க்கின் கமண்டான்ட்ஸ்கி திடலில் நடைபெற்றது. விமானம் என்பதே புதிதாக இருந்த காலம். மக்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வந்தனர். கொட்டெல்னிகோவும் மனைவியுடன் சென்றிருந்தார்.

அக்டோபர் 7-ஆம் தேதி (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி செப்டம்பர் 24), கேப்டன் லெவ் மத்சியேவிச் என்ற விமானி ஃபார்மன் ரக விமானத்தில் மேலே சென்றார். சில நூறு மீட்டர் உயரத்தில் விமானம் நடுவானிலேயே உடைந்தது. விமானி இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கூட்டத்தின் கண்ணெதிரே தரையில் விழுந்து இறந்தார். ரஷ்ய விமானத் துறையின் முதல் பலி அவர்.

அந்த விமானியைக் காப்பாற்ற ஒரு வழியும் இல்லையா என்ற கேள்வி கொட்டெல்னிகோவை விடவில்லை. வான்குடை அப்போதே பழைய பொருள்தான். 1797-இலேயே பிரான்சின் ஆந்திரே ஜாக் கார்னரின் பலூனிலிருந்து பாரிஸ் நகரின் மேல் வான்குடையில் இறங்கிக் காட்டியிருந்தார். ஆனால் பலூன்காரர்களின் வான்குடை பெரியது. பலூனுக்கு அடியிலோ பக்கத்திலோ அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். விமானங்களுக்காக முயன்ற சிலரும் அதை விமானத்தின் உடலில்தான் பொருத்தப் பார்த்தனர். விமானம் உடைந்து சுழலும்போது அந்தக் குடை சிறகிலோ வாலிலோ சிக்கிக்கொள்ளும். விமானி அதை எட்டிப் பிடிக்கவும் நேரம் இருக்காது.

மத்சியேவிச் விழுந்ததைப் பார்த்தவருக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. விமானி எப்படி வெளியே வீசப்பட்டாலும் வான்குடை அவரோடு கூடவே வரவேண்டும். அப்படியானால் அது அவர் உடலில்தான் இருக்க வேண்டும்.

தலைக்கவசத்திலிருந்து முதுகுக்கு

முதலில் அவர் வான்குடையைத் தலைக்கவசத்துக்குள் அடக்கப் பார்த்தார். சிறிய பொம்மைகளைக் கொண்டு சோதித்தபோது அது வேலை செய்தது. ஆனால் ஒரு முழு மனிதனைத் தாங்கும் அளவு துணி தலைக்கவசத்துக்குள் அடங்காது. அதனால் குடையை முதுகுக்கு மாற்றினார்.

1911-இல் அவர் வடிவமைத்த வான்குடைக்கு 'ஆர்கே-1' என்று பெயர். ரஷ்யா, கொட்டெல்னிகோவ் என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகள் அவை. வட்டமான பட்டுக் குடை 24 துண்டுகளை இணைத்துத் தைக்கப்பட்டது. அதன் குறுக்களவு சுமார் 7 மீட்டர். முதுகில் மாட்டும் உலோகப் பெட்டிக்குள் சுருள்வில்களும் அவற்றின் மேல் ஒரு தட்டும் இருந்தன. மடித்த துணியும் கயிறுகளும் அந்தத் தட்டின் மேல் வைக்கப்பட்டன. விமானி ஒரு வாரை இழுத்தால் மூடி திறக்கும். சுருள்வில்கள் குடையை வெளியே தள்ளும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு நுட்பமும் உண்டு. குடையின் கயிறுகளை அவர் இரண்டு கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தோளின் வாரில் இணைத்தார். எல்லாக் கயிறும் ஒரே புள்ளியில் கட்டப்பட்டால் தொங்குபவர் பம்பரம்போல் சுழல்வார், தரையிறங்கும்போது எந்தப் பக்கம் முகம் காட்டுவார் என்று சொல்ல முடியாது. இரண்டு தோளிலும் பிரித்துக் கட்டும்போது உடல் நேராக நிற்கும், கயிறுகளைக் கையால் பிடித்து ஓரளவு திரும்பவும் முடியும். இன்றைய வான்குடை வீரர்களின் தோளிலும் இடமும் வலமுமாக இரண்டு வார்கள்தான் இருக்கின்றன.

கார் நின்றது, அதிகாரிகள் அசையவில்லை

1911-இல் கொட்டெல்னிகோவ் தம் வடிவமைப்பைப் போர் அமைச்சிடம் கொண்டு சென்றார். அங்கு அது எடுபடவில்லை. குடை விரியும் வேகத்தில் ஏற்படும் அதிர்வை மனித உடல் தாங்காது என்ற ஐயம் ஒருபுறம். நாடக நடிகர் ஒருவர் விமானப் பாதுகாப்பைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற அலட்சியம் மறுபுறம். சொந்த நாட்டில் கதவு திறக்காத நிலையில், 1912 மார்ச் மாதம் அவர் பிரான்சில் காப்புரிமை பெற்றார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பீட்டர்ஸ்பர்க் அருகே ஒரு காரைக் கொண்டு சோதனை நடந்தது. வான்குடையைக் காரோடு பிணைத்து, வேகம் எடுத்ததும் வாரை இழுத்தார்கள். குடை உடனே விரிந்து காரைப் பின்னுக்கு இழுத்தது. எஞ்சின் அணைந்து கார் நின்றுவிட்டது. அதன்பின் கட்சினா அருகே சலூசி என்ற சிற்றூரில், பலூனிலிருந்து சுமார் 80 கிலோ எடையுள்ள பொம்மை மனிதன் வான்குடையுடன் தள்ளிவிடப்பட்டது. தலைகீழாக விழுந்த பொம்மையைக் குடை நிமிர்த்திப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டு வந்தது. பிறகு விமானத்திலிருந்தும் பொம்மையை இறக்கிப் பார்த்தார்கள். அதுவும் வெற்றிதான்.

இத்தனைக்குப் பிறகும் படைத் தலைமை அசையவில்லை. வான்குடை கையில் இருந்தால் சிறு கோளாறு வந்தாலும் விமானி விமானத்தைக் கைவிட்டுக் குதித்துவிடுவான், விலையுயர்ந்த இயந்திரம் வீணாகிவிடும் என்ற எண்ணம் மேலிடத்தில் வேரூன்றியிருந்தது. இது ரஷ்யாவில் மட்டும் நிலவிய எண்ணம் அன்று. முதல் உலகப் போர் முடியும்வரை பிரிட்டிஷ் போர் விமானிகளும் வான்குடை இல்லாமலேயே பறந்தனர். எரியும் விமானத்தில் அமர்ந்தபடி இறந்த இளைஞர்கள் பலர். ஜெர்மனி மட்டும் 1918-இல், போரின் கடைசி மாதங்களில், தன் விமானிகளுக்கு வான்குடை கொடுக்கத் தொடங்கியது.

செய்ன் ஆற்றின் மேல் ஒரு மாணவன்

ஆர்கே-1 வான்குடையை அணிந்து முதன்முதலில் குதித்த மனிதர் கொட்டெல்னிகோவ் அல்லர். 1913 ஜனவரி மாதம், அவரோடு இணைந்து செயல்பட்ட நிறுவனம் வான்குடைகளைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றது. நாடக வேலையிலிருந்து விடுப்பு கிடைக்காததால் கண்டுபிடித்தவரால் உடன் செல்ல முடியவில்லை. அங்கே ரூவான் நகரில், செய்ன் ஆற்றின் மேல் 50 மீட்டருக்கும் அதிக உயரத்தில் நிற்கும் பாலத்திலிருந்து, பீட்டர்ஸ்பர்க் இசைப் பள்ளி மாணவர் விளாடிமிர் ஒசோவ்ஸ்கி குதித்தார். அவ்வளவு குறைந்த உயரத்தில் குடை விரியச் சில நொடிகளே உண்டு. குடை விரிந்தது. மாணவர் பாதுகாப்பாக இறங்கினார்.

ரஷ்யாவில் 1914-இல் போர் மூண்டபோது கொட்டெல்னிகோவ் படைக்கு அழைக்கப்பட்டு மோட்டார் வாகனப் பிரிவில் பணியமர்த்தப்பட்டார். 'இல்யா முரோமெத்ஸ்' என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களின் குழுவினருக்காக அவருடைய வான்குடைகள் சிறு எண்ணிக்கையில் தருவிக்கப்பட்டன. ஆனால் அவை பெரிதாகப் பயன்படுத்தப்படவில்லை.

பெட்டியிலிருந்து பைக்கு

போரும் புரட்சியும் ஓய்ந்த பின் அவர் மீண்டும் வேலையில் இறங்கினார். உலோகப் பெட்டி கனமானது, விமானியின் முதுகை உறுத்தும். 1920-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய 'ஆர்கே-3' மாதிரியில் பெட்டிக்குப் பதிலாக மென்மையான துணிப் பை வந்தது. அதற்கு 1924-இல் காப்புரிமை பெற்றார்.

அந்தப் பையின் அடிப்பகுதியில் தேன்கூட்டு அறைகள் போன்ற சிறு சிறு பிடிகள் தைக்கப்பட்டிருந்தன. கயிறுகளைத் தாறுமாறாகத் திணிக்காமல், அந்த அறைகளில் வரிசையாகச் செருகி வைத்தார்கள். குடை வெளியே போகும்போது கயிறுகள் ஒவ்வொன்றாக, சிக்கல் இல்லாமல் விடுபட வேண்டும் என்பதே நோக்கம். வான்குடையில் பாதி அறிவு தையலில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி மடிப்பதில் இருக்கிறது. கயிறு முறுக்கிக்கொண்டால் எவ்வளவு நல்ல துணியும் கந்தல்தான். இன்றும் வான்குடை மடிப்பவர்கள் கயிறுகளை ரப்பர் வளையங்களில் வரிசையாகச் செருகுவதற்கு இதே காரணம்தான்.

சரக்குகளை இறக்குவதற்காக 12 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய குடை ஒன்றையும் அவர் வடிவமைத்தார். 1926-இல் தம் கண்டுபிடிப்புகள் அனைத்தையும் சோவியத் அரசிடம் ஒப்படைத்தார்.

உலகம் இதற்குள் வேகமாக நகர்ந்திருந்தது. 1919 ஏப்ரல் 28-ஆம் தேதி அமெரிக்காவின் லெஸ்லி இர்வின், விமானத்திலிருந்து குதித்து, கீழே விழுந்துகொண்டே தம் கையால் கயிற்றை இழுத்துக் குடையை விரித்துக் காட்டினார். அவருடைய நிறுவனத்தின் வான்குடைகள் பல நாடுகளுக்குச் சென்றன. சோவியத் ஒன்றியமும் அவற்றை வாங்கியது. 1927-இல் சோவியத் சோதனை விமானி மிகாயில் குரோமோவ் கட்டுப்பாட்டை இழந்த விமானத்திலிருந்து வான்குடை மூலம் உயிர் தப்பினார். முதுகுப் பைக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய கொட்டெல்னிகோவின் நாட்டில், விமானியின் உயிரைக் காத்தது அமெரிக்க வான்குடை. என்றாலும், வான்குடை விமானியின் உடலோடு இருக்க வேண்டும் என்ற அவருடைய வாதம் வென்றுவிட்டது.

1930 ஆகஸ்ட் 2-ஆம் தேதி வொரோனெஷ் அருகே 12 பேர் கொண்ட படைக்குழு வான்குடைகளில் இறங்கியது. ரஷ்ய வான்குடைப் படையின் பிறந்த நாளாக அது இன்றும் கொண்டாடப்படுகிறது.

இறுதிக் காலம்

இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த அவருடைய ஊரை ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டன. முதுமையில் இருந்த கொட்டெல்னிகோவ் முற்றுகையின் கொடுமையைப் பார்த்தார். பின்னர் மாஸ்கோவுக்குக் கொண்டு வரப்பட்டு, 1944 நவம்பர் 22-ஆம் தேதி, 72 வயதில் காலமானார். புகழ்பெற்ற நோவோதேவிச்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். பொம்மை மனிதன் பலூனிலிருந்து விழுந்த சலூசி சிற்றூருக்கு 1949-இல் கொட்டெல்னிகோவோ என்று அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற எண்ணம் இன்று விதிமுறைகளாக வளர்ந்திருக்கிறது. வான்குடை விளையாட்டில் ஈடுபடுவோரின் பையில் ஒன்றல்ல, இரண்டு குடைகள் இருக்கும். முதல் குடை கைகொடுக்காவிட்டால் அவசரக் குடை. முதல் குடையைக் குதிப்பவரே மடிக்கலாம். அவசரக் குடையை உரிமம் பெற்ற வல்லுநர்தான் சோதித்து, மடித்து, நூல் கட்டி முத்திரையிட வேண்டும். அமெரிக்காவில் நவீன செயற்கை இழையால் ஆன அவசரக் குடைக்கு அந்த முத்திரை 180 நாள்தான் செல்லும். அதற்குள் குடையை ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் பிரித்துப் பார்த்து மறுபடியும் மடித்தாக வேண்டும். குதிப்பவர் மயங்கிவிட்டால்கூட, குறிப்பிட்ட உயரத்தில் வேகத்தை அளந்து அவசரக் குடையைத் தானாகத் திறந்துவிடும் சிறு கருவியும் பலருடைய பையில் இருக்கிறது.

இயந்திரம் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம், மனிதன் போனால் வரமாட்டான் என்பதே இந்த விதிகளின் பின்னால் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கை அதிகாரிகளுக்குப் புரியவைக்க முயன்றே கொட்டெல்னிகோவின் பல ஆண்டுகள் கழிந்தன. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கட்டுமானத் தளத்திலும் வேலை பார்க்கும் நம் மக்களுக்கும் இது அந்நியமான செய்தி அன்று. பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேலையைத் தாமதப்படுத்தும் என்று சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

மாஸ்கோவில் அவருடைய கல்லறை அருகே நிற்கும் மரத்தின் கிளைகளில் வான்குடை வீரர்கள் சிறு நாடாக்களைக் கட்டிவிட்டுச் செல்கிறார்கள். வான்குடைப் பையை இறுகக் கட்டப் பயன்படும் நாடாக்கள் அவை. பத்திரமாகத் தரையிறங்கியவர்கள், தங்களை இறக்கிவிட்டவருக்குச் சொல்லும் நன்றி அது.