ஆசிரியரைத் தேடிய மாணவர்

சோழவளநாட்டில் காவிரியும் அதன் கிளைகளும் பாய்ந்து வளம்பெருக்கும் ஊர்கள் பல. அவற்றுள் ஒன்று, பாபநாசத்திற்கு அருகில் நெல்வயல்களுக்கு இடையே அமைந்த உத்தமதானபுரம். அழிந்துபோகும் நிலையில் இருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்துத் தமிழ்த் தாத்தா என்று போற்றப்பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாத ஐயரின் சொந்த ஊர் அதுவே. அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் நாள், தம் தாயாரின் ஊராகிய சூரியமூலையில் பிறந்தார்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர், எந்தக் கல்லூரியிற் சேர்வது, எப்பாடத்தைப் பயில்வது என்று இன்று எண்ணி மயங்குகின்றனர். பெற்றோர் ஒன்றை விரும்புவர். உற்றார் மற்றொன்றைச் சொல்வர். மாணவரின் உள்ளமோ வேறொன்றை நாடும். ஐயரவர்களின் இளமையிலும் இத்தகைய நிலை ஏற்பட்டது. அதனை அவர் எவ்வாறு கடந்தார் என்பது அறியத்தக்கது.

அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, அதனால் வரும் சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். தம் மகனும் இசைவாணன் ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று உறவினர் சிலர் கூறினர். வடமொழி பயின்றால் மறுமைக்குப் பயன் உண்டு என்றனர் வேறு சிலர். தமிழைப் படிப்பதால் இம்மைப் பயனும் இல்லை, மறுமைப் பயனும் இல்லை என்பதே அக்காலத்தில் பலருடைய எண்ணம். ஆயினும் இளைஞரின் மனம் தமிழ் ஒன்றிலேயே ஈடுபட்டு நின்றது.

தமிழ் நூல்களை ஆழ்ந்து கற்க விரும்பியவர் நல்ல புலவர் ஒருவரை நாடி, அவர் இருக்கும் ஊரிலேயே தங்கிப் பாடம் கேட்பது அக்கால வழக்கம். வேங்கடசுப்பையர் மகனுடைய ஆர்வத்தை அறிந்து, அதற்கு இசைந்தார். அரியலூர், குன்னம், செங்கணம் முதலிய ஊர்களில் தமிழறிந்தார் எவர் உளரோ அவரை நாடிக் குடும்பத்தோடு சென்று தங்கினார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் தாம் அறிந்த இலக்கணத்தைக் கற்பித்தார். மேலும் கற்க வேண்டுமாயின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கது என்று அவரே வழிகாட்டினார். தம்மினும் சிறந்தவரிடம் மாணவனை அனுப்பிய அவருடைய பெருந்தன்மை பாராட்டத்தக்கது.

பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். நாள்தோறும் செய்யுள் இயற்றும் பெரும்புலவர். அப்போது அவர் மாயூரத்தில் வசித்து வந்தார். இக்காலத்தில் மயிலாடுதுறை எனப்படுவது அவ்வூரே. 1871ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் அங்குச் சென்று அவரைக் கண்டனர்.

பிள்ளையவர்கள் உடனே இசைவு தந்துவிடவில்லை. பாடம் கேட்க வருவோர் பலர், சில நாள் இருந்து, கல்வி நிரம்புமுன் சென்றுவிடுவதை அவர் கண்டிருந்தார். உணவுக்கு வழி யாது என்பதும் ஒரு தடையாக இருந்தது. அக்காலச் சாதி வழக்கத்தால் அந்தண மாணவர் ஆசிரியர் வீட்டில் உண்ண இயலாது. வேறிடத்தில் ஏற்பாடு செய்தல் வேண்டும். அதற்குரிய பொருளோ அக்குடும்பத்தில் இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் திரும்ப நேருமோ என்று இளைஞரின் நெஞ்சம் நடுங்கியது. தந்தையார் எவ்வாறேனும் பொருள் தேடித் தருவதாக உறுதி கூறினார். அதன்பின் பிள்ளையவர்கள் இளைஞரை மாணவராக ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன். ஆசிரியர் விரும்பியதால் சாமிநாதன் என்னும் பெயரே நிலைத்தது.

விரும்பிய இடம் கிடைத்ததும் கவலை தீர்ந்துவிடவில்லை. பிள்ளையவர்கள் தாமே பாடம் சொல்லாமல், தம் மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் இவரை ஒப்புவித்தார். எவரை நாடி வந்தாரோ அவர் அருகில் இருந்தும், அவரிடம் பாடம் கேட்க இயலாத நிலை சாமிநாதருக்கு வருத்தம் தந்தது. அதற்காக அவர் எவரையும் குறைகூறவில்லை. தாம் செய்யக்கூடியது யாது என்று எண்ணினார்.

பிள்ளையவர்களின் வீட்டுத் தோட்டத்தில் புதியனவாக நட்ட மரங்கள் இருந்தன. அவற்றில் எங்கேனும் தளிர் விட்டிருக்கின்றதா என்று அவர் காலைதோறும் பார்த்து மகிழ்வார். இதனைச் சாமிநாதர் கவனித்தார். மறுநாள் அவருக்கு முன்னரே எழுந்து, தளிர்கள் தோன்றியுள்ள இடங்களைத் தேடி அறிந்துகொண்டார். பிள்ளையவர்கள் வந்தபோது அவற்றைக் காட்டினார். ஆசிரியர் முகம் மலர்ந்தது. நாள்தோறும் இவ்வாறு நிகழவே, இருவரிடையே பேச்சும் அன்பும் வளர்ந்தன. தக்க சமயம் பார்த்துத் தம் விருப்பத்தை மாணவர் பணிவுடன் தெரிவித்தார். பிள்ளையவர்கள் அன்றுமுதல் தாமே பாடம் சொல்லத் தொடங்கினார்.

ஒன்றைத் தெரிந்துகொண்டவர் மற்றொன்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் இருந்தார். தந்தையாரின் விருப்பப்படி சாமிநாதர் அவரிடம் இசை பயின்று வந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கியக் கல்வி ஆழமாகாது என்பது பிள்ளையவர்களின் கருத்து. அதனை அறிந்த சாமிநாதர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். இசை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்த செல்வம். அதனைத் துறப்பது எளிதன்று.

ஆசிரியருடன் திருவாவடுதுறை, பட்டீச்சுரம் முதலிய ஊர்களுக்கும் சென்று, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் பாடம் கேட்டார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் காலமானார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் சாமிநாதர் தம் கல்வியைத் தொடர்ந்தார்.

1880ஆம் ஆண்டில் மற்றொரு வழி திறந்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையவர்களின் மாணவரே. தம் இடத்திற்குச் சாமிநாத ஐயரே தக்கவர் என்று அவர் கூறினார். ஐயரைப் பிரியத் தேசிகருக்கு மனமில்லை. ஐயருக்கும் மடத்தின் அன்பை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. எனினும் மாணவரின் எதிர்கால நன்மையைக் கருதித் தேசிகர் விடை கொடுத்தார். பயனற்றது என்று பலர் கருதிய தமிழே ஐயருக்குக் கல்லூரிப் பதவியை அளித்தது.

அவ்வாண்டிலேயே கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் கண்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றால் நிறைவடையாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலைப் படித்ததில்லை. கல்லூரி ஆசிரியர் ஆனபின்னும் கற்க வேண்டியவை மிகுதி என்பதை அவர் உணர்ந்தார். அந்நூலை ஏட்டில் ஆராய்ந்து 1887ஆம் ஆண்டில் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1932ஆம் ஆண்டில் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டமும் புகழும் பெற்ற பின்னும் அவர் தம் ஆசிரியரை மறந்தாரில்லை. எண்பது வயதை நெருங்கிய காலத்தில் பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாயூரம் சென்ற நாளில், தாம் தெரிந்துகொண்ட வழி எங்கே கொண்டு சேர்க்கும் என்று சாமிநாதர் அறியார். அது நல்ல வழியாக முடிந்தமைக்கு அவர் அதில் நாள்தோறும் காட்டிய முயற்சியே காரணமாகும். நாற்று நடும் நிலத்தை ஆராய்வது உழவர்க்குக் கடமை. நட்டபின் நீர் பாய்ச்சிக் களை பறிப்பது அதனினும் பெரிய கடமை. கல்விக்கும் இது பொருந்தும்.