கதவைத் திறந்து வைத்த ஹோமியோபதி டாக்டர்

ஹிஞ்சேவாடியிலும் பக்கத்து வாகட், சிஞ்ச்வட் பகுதிகளிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஹோமியோபதி டாக்டர் புதியவர் அல்லர். குழந்தைக்குச் சளி என்றால் தெருமுனைத் தவாகானாவுக்குப் போய் வெள்ளை உருண்டைகளைக் குப்பியில் வாங்கி வருகிறோம். அந்த வைத்தியத்தைக் கைக்கொண்டதற்காகப் பேரையும் வருமானத்தையும் ஒருசேர இழந்த ஒரு பெரிய டாக்டர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கல்கத்தாவில் வாழ்ந்தார். உத்தியோகத்திற்காக வெளி மாநிலம் போன ஒரு தமிழ் இளைஞருக்கு அவர் குடும்பம் செய்த உதவியை நாம் மறக்க முடியாது.

அவர் பெயர் மகேந்திரலால் சர்க்கார். 1833 நவம்பர் 2ஆம் தேதி ஹவுரா பக்கத்தில் பாயிக்பாரா என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தை போனார். ஒன்பது வயதில் தாயும் போனார். கல்கத்தாவிலிருந்த தாய்மாமன்மார்கள் அவரை வளர்த்தார்கள். ஹேர் பள்ளி, இந்துக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி என்று படித்து, 1863ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை அங்கே பெற்ற முதல் சிலரில் அவரும் ஒருவர். வைத்தியம் அமோகமாக நடந்தது. பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தின் வங்காளக் கிளைக்குச் செயலாளருமானார்.

அந்தச் சமயத்தில் ஹோமியோபதியைக் கண்டித்துப் பேசியவர்களில் அவரே முன்னணியில் நின்றார். அதைத் தாக்கி எழுதும் எண்ணத்துடன் அது சம்பந்தமான புத்தகம் ஒன்றை எடுத்தார். படித்த பிறகு, கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று தோன்றியது. ராஜேந்திரலால் தத்தர் என்ற செல்வந்தர் அப்போது ஹோமியோபதி வைத்தியம் பார்த்து வந்தார். ஈசுவர சந்திர வித்யாசாகருக்குச் சிகிச்சை செய்தவரும் அவர்தான். அவருடைய நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்து வந்த சர்க்காரின் மனம் மாறியது.

மாறிய மனத்தை அவர் மூடி வைக்கவில்லை. 1867 பிப்ரவரி 16ஆம் தேதி, மருத்துவ சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் அமளி எழுந்தது. சக டாக்டர்கள் அவரை ஒதுக்கினார்கள். நோயாளிகளும் வருவதை நிறுத்தினார்கள். பல மாதங்கள் வீட்டு வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1868ல் சொந்தமாக ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். போன நோயாளிகள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். 1885ல் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் நோய் கண்டபோது சிகிச்சை செய்தவர் இவர்தான். பரமஹம்சரிடம் அளவற்ற அன்பு கொண்டிருந்தும், ஆராயாமல் எதையும் ஏற்பதில்லை என்று அவரிடமே வாதாடியவர்.

ஹோமியோபதி மருந்துகளின் பலனை இன்றைய மருத்துவ ஆராய்ச்சிகள் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்தே எதையும் நம்ப வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் வேறொரு பெரிய காரியத்தில் முடிந்தது.

இந்தியர்கள் தாங்களே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று 1869ல் தம் பத்திரிகையில் எழுதினார். பிறகு வீடு வீடாக, ஜமீன் ஜமீனாக நன்கொடை கேட்டு அலைந்தார். பாதிரியார் லாஃபோன் துணை நின்றார். 1876 ஜூலை 29ஆம் தேதி, பௌபஜார் தெருவில் விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் உதயமாயிற்று. மாலை நேரங்களில் அங்கே விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடந்தன. ஜகதீச சந்திர போஸும் அங்கு பாடம் நடத்தியிருக்கிறார்.

மனைவி ராஜகுமாரியின் பெயரால் தேவ்கரில் தொழுநோயாளிகளுக்கு ஒரு விடுதியும் அமைத்தார். அரசாங்கம் சி.ஐ.இ. பட்டம் தந்தது, பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. ஆனால் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. முழுநேரம் ஆராய்ச்சி செய்ய ஆட்களை அமர்த்தப் போதிய பணம் சேரவில்லை. சங்கம் தோற்றுவிட்டதோ என்ற ஏக்கத்துடனேயே 1904 பிப்ரவரி 23ஆம் தேதி கண்ணை மூடினார்.

தந்தையைப் போல் டாக்டரான மகன் அமிர்தலால் சங்கத்தின் செயலாளரானார். ஆராய்ச்சிக் கூடத்தில் கருவிகள் இருந்தன. அவற்றைத் தொட ஆளில்லை. ஆனாலும் சங்கத்தை அவர் இழுத்து மூடவில்லை.

1907ல் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் உத்தியோகம் ஏற்று ஓர் இளைஞர் கல்கத்தா வந்தார். வயது 18. திருச்சிக்காரர், புதிதாக மணமானவர். டிராமில் போகும்போது சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அமிர்தலால் அவரை அன்போடு வரவேற்று, ஆராய்ச்சிக் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார். காலையில் ஆபீஸ் போகுமுன்பும், மாலையில் ஆபீஸ் விட்ட பின்பும் அந்த இளைஞர் அங்கேயே கிடந்தார்.  1917ல் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். அதன் பின்னரும் ஆராய்ச்சி அங்கேதான் நடந்தது. 1919ல் அமிர்தலால் காலமானதும் செயலாளர் பொறுப்பு இவரிடம் வந்தது.

அவர்தான் சர் சி.வி.ராமன். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி ராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்தக் கட்டிடத்தில்தான். உடன் உழைத்த கே.எஸ்.கிருஷ்ணனும் வத்திராயிருப்புத் தமிழர். 1930ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நாளைத்தான் நாடு தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறது. தோற்றுவிட்டோமோ என்று ஏங்கிய டாக்டர் அதைக் காண இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து, பகலெல்லாம் பைலோடு மல்லாடும் நம் போன்ற குமாஸ்தாக்கள் சர்க்கார் குடும்பத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் விட்ட பின் மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்திற்கு என்ன மதிப்பு என்பதை, அவர்கள் திறந்து வைத்த கதவுதான் உலகத்திற்குக் காட்டியது.