தர்மானந்த கோசம்பி

தர்மானந்த கோசம்பி 1876ஆம் ஆண்டு கோவாவில் சாங்க்வால் என்னும் சிற்றூரில் பிறந்தார். உடல்நலக் குறைவாலும் குடும்பப் பொறுப்பாலும் அவரது பள்ளிப்படிப்பு இடையிலேயே நின்றது. தென்னந்தோப்பைப் பராமரித்து வந்த அவ்விளைஞர், மராத்தியில் வெளிவந்த ஒரு சிறுவர் இதழில் புத்தரின் வரலாற்றைப் படித்தார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றியது.

1899ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டுக் கோசம்பி புறப்பட்டார். அப்பிரிவின் சுமையைத் தாங்கியவர் அவர் மனைவி பாலாபாய் என்பதையும் மறத்தலாகாது. கோசம்பி முதலில் புணேக்கும், பின்னர் காசிக்கும் சென்றார். காசியில் அன்னசத்திர உணவை உண்டு, வறுமையோடு போராடி வடமொழி கற்றார். புத்த சமயத்தைத் தேடி நேபாளம் சென்றவருக்கு ஏமாற்றமே கிடைத்தது. புத்தகயாவையும் கண்டபின், பாலி மொழி கற்க இலங்கையே ஏற்ற இடம் எனத் தெளிந்தார். 1902இல் கொழும்பில் சுமங்கல மகாதேரரிடம் துறவு ஏற்று, பாலி நூல்களைப் பயின்றார். பின்னர்ப் பர்மாவின் விகாரைகளில் தங்கித் தியானம் பழகினார்.

கற்றதைத் தம் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே வழங்க வேண்டும் என்பது அவரது வேட்கை. எனவே 1906இல் தாயகம் திரும்பிய அவர், துறவாடையைக் களைந்து மீண்டும் குடும்பத்தோடு இணைந்தார். கல்கத்தாவில் நல்ல ஊதியத்துடன் ஆசிரியப் பணி கிடைத்தது. ஆயினும் மராத்தியர் நடுவில் வாழ்ந்து நூல் எழுதுவதற்காக, பரோடா மன்னர் அளித்த மாதம் 50 ரூபாய் உதவித்தொகையையே தேர்ந்தெடுத்தார். புணேயின் பெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். அவர் கற்பித்த மொழி, அது பிறந்த நாட்டிலேயே பெரும்பாலோரால் மறக்கப்பட்டிருந்தது!

1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில், 1937இல் பகுஜன விகாரை எழுந்தது. உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய அப்பேரறிஞர், அங்கே ஏழை எளியவரோடு அமர்ந்து அறவுரை நிகழ்த்தினார்.

1947 சூன் மாதம், காந்தியடிகளின் சேவாகிராம ஆசிரமத்தில் அவர் உயிர் நீத்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்காகப் பல ஆண்டுகள் உழைத்து அவர் செம்மைப்படுத்திய 'விசுத்திமார்க்கம்' என்னும் பாலி நூல், 1950இல் அச்சில் வெளிவந்தது.