மாணாக்கரையே மக்களாகக் கொண்ட ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

கொடை பலவகைப்படும். மிகுந்ததைக் கொடுப்போர் உண்டு. கேட்டபின் கொடுப்போர் உண்டு. தமக்கு இன்றியமையாததை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு, எஞ்சியது அனைத்தும் பிறருடையதே என்று கருதி வாழ்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக வங்க நாட்டில் விளங்கியவர் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய். இரசாயன சாஸ்திரத்தைக் கற்பித்தலும், நோய் தீர்க்கும் மருந்துகளை இந்நாட்டிலேயே செய்தலும் அவர் மேற்கொண்ட இரு பணிகள். மனைவி மக்கள் என்னும் தொடர்பு அவருக்கு இருந்ததில்லை. ஆயினும் அவரைப்போல் பெரிய குடும்பம் உடையவரைக் காண்பது அரிது.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் குல்னா பகுதியிலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் ஹரீஷ் சந்திரர் நிலபுலம் உடையவர். நூல்களைத் திரட்டிப் போற்றியவர். தம் ஊரில் பள்ளி நிறுவியவர். தாயார் புவனமோகினி தேவி. மக்களின் கல்வியை முன்னிட்டு அக்குடும்பம் 1870-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. 1874-இல் சீதபேதி என்னும் கொடிய நோய் சிறுவனைப் பற்றியது. பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. நோய் தணிந்தபோதும் செரிமானக் குறைவும் உறக்கமின்மையும் ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. எனினும் அந்த ஓய்வுக் காலத்தில் தந்தையாரின் நூல்களே அவருக்குத் துணையாயின. நோயையும் குருவாகக் கொண்டு, உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவறிந்து ஒழுகும் வழியை அவர் கற்றுக்கொண்டார்.

இதற்கிடையில் தந்தையாரின் செல்வம் குன்றத் தொடங்கியது. பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் நிலை வீட்டில் இல்லை. அந்நாளில் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளத்துக்கான பரீட்சை ஒன்று நடைபெற்று வந்தது. பிரபுல்லர் அதற்கு ஆயத்தம் செய்து, 1882-இல் தேர்ச்சி பெற்று, எடின்பரோ சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே பேராசிரியர் கிரம் பிரவுன் என்பவரிடம் இரசாயனம் பயின்று, 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1888-இல் தாய்நாடு திரும்பியவருக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. கல்வித்துறையின் உயர்ந்த பதவிகள் வெள்ளையருக்கே உரியனவாக இருந்த காலம் அது. 1889-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதைச் சிறிதென்று அவர் தள்ளவில்லை.

கற்பிக்கத் தொடங்கிய நாள்முதல் ஒரு கவலை அவரை வருத்தியது. பட்டம் பெற்ற இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கு அலைந்தனர். நாட்டு மக்கள் உண்ணும் மருந்துகளோ கப்பலேறி வந்தன. மூலிகை நிறைந்த நாட்டில் மருந்துக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது தகுமோ என்று எண்ணிய அவர், 1892-இல் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே சிறிய மருந்துச் சாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே வங்க இரசாயன மருந்துச் சாலையாகிய பெங்கால் கெமிக்கல். சோடா பாஸ்பேட் செய்வதற்காக மாட்டெலும்புகளை மாடியில் உலர்த்தினார். மழை பெய்து அவை நாற்றமெடுக்கவே, காக்கைகள் கூடின. அண்டை வீட்டாரும் முறையிட்டனர். எலும்புகளை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசென்று சுட்டு நீறாக்கினார். பகலெல்லாம் கல்லூரியில் போதித்துவிட்டு, மாலையில் மருந்துச் சாலையில் உழைத்தார்.

அவருடைய நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ் இம்முயற்சியில் தோள் கொடுத்தார். நம் நாட்டார் அறிந்த ஆடாதோடை, நிலவேம்பு, குடசப்பாலை, ஓமம் முதலியவற்றின் சத்தை மேனாட்டு முறைப்படி வடித்து, அளவு தவறாத மருந்துகளாக்கி அளித்தனர். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவை டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளாயின. அத்தருணத்தில் இரு பேரிடிகள் விழுந்தன. உடனுழைத்த இளம் இரசாயனியான சதீஷ் சந்திர சின்ஹா சோதனைச் சாலையில் கொடிய நஞ்சுக்கு இரையானார். 1898-இல் பிளேக் நோயாளிக்கு வைத்தியம் செய்த அமூல்யரையும் அந்நோயே கொண்டுபோயிற்று. இரு துணைவரையும் இழந்து, உடல்நலமும் குன்றியிருந்த அவர், சாலையை மூடிவிட்டிருப்பின் எவரும் குறை கூறியிரார். ஆனால் அவர் தளரவில்லை. இறந்தவர்கள் உயிரைக் கொடுத்து வளர்த்த பயிரை வாடவிடுவது நன்றி மறத்தலாகும் என்று கருதி, பாரத்தைத் தாமே சுமந்தார். 1901-இல் அது பலர் பங்குகொண்ட கம்பெனியாயிற்று. பிற்காலத்தில் 1980-இல் தேசவுடைமையாயிற்று.

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் வகுப்பையே அவர் விரும்பி ஏற்றார். இளங்களிமண்ணிலன்றோ வேண்டிய உருவம் அமையும்! ஒருநாள் எலும்பைச் சுட்ட நீற்றைப்பற்றிப் பாடம் நடந்தது. நெருப்பில் வெந்தபின் அதில் மாமிசத்தின் மாசு ஒன்றும் இல்லை, எஞ்சியது தூய உப்பே என்று விளக்கிய ஆசாரியர், ஒரு சிட்டிகை நீற்றை எடுத்து மாணவர் முன்னிலையில் தம் வாயில் இட்டுக்கொண்டார். நீற்றின் தூய்மையை அறிந்த நம் நாட்டாருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தாம் சொன்னதைத் தாமே செய்து காட்டிய ஆசிரியரின் பாடத்தை எந்த மாணவன் மறப்பான்!

1896-ஐ ஒட்டிய காலத்தில் மெர்க்யூரஸ் நைட்ரைட் என்னும் பாதரச உப்பைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். நம் முன்னோரின் இரச வாத நூல்களையும் சுவடிகளையும் ஆராய்ந்து, ஹிந்து இரசாயனத்தின் வரலாற்றை 1902-லும் 1909-லும் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஆயினும் அவர் தமது பெருஞ்செல்வமாகக் கருதியது மாணாக்கரையே. டாக்காவை அடுத்த சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத ஸாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ் ஆகியோர் அவரிடம் பயின்று விஞ்ஞான வானில் சுடர்விட்டனர். சாதி வேற்றுமையை ஏற்காத பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த அவருக்கு எல்லா மாணவரும் ஒரு வீட்டுப் பிள்ளைகளே. மாலைதோறும் கல்கத்தா மைதானத்தில் இளைஞர் புடைசூழ அவர் அமர்ந்து உரையாடும் காட்சி, பேரன்மார் நடுவே பாட்டனார் வீற்றிருப்பதை ஒத்திருந்தது.

1902-இன் தொடக்கத்தில் காந்தியடிகள் கல்கத்தாவில் கோகலே அவர்களின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, பிரபுல்லரைக் கோகலே அறிமுகம் செய்து வைத்தார். மாதம் 800 ரூபாய்ச் சம்பளத்தில் 40 ரூபாயை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டு, மிகுதியைப் பொதுநலத்துக்கு அளிப்பவர் என்பதே அந்த அறிமுகம். 1916-இல் அவர் சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியரானார். 1921-இல் அறுபது வயது நிரம்பியதும், அன்றுமுதல் தமக்குரிய சம்பளம் முழுவதையும் இரசாயனப் பகுதியின் வளர்ச்சிக்கே அளித்துவிட்டு, 1936 வரை ஊதியமின்றிப் பணியாற்றினார். அக்கல்லூரிக் கட்டிடத்தில் ஓர் அறையே அவருடைய இல்லம். கட்டில், சில நூல்கள், கதராடை இவையே அவருடைய உடைமை. 1922-இல் வட வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, முதுமையையும் பிணியையும் பாராது நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். மாணவரும் பொதுமக்களும் அவர் சொல்லை ஏற்றுத் திரண்டனர். தம்மிடம் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் கேட்கும்போது கொடுக்க மறுக்கும் கை எது!

1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில், அதே அறையில் அவர் உயிர் நீத்தார். பெற்ற பிள்ளை என்று ஒருவரும் அருகில் இல்லை. பிள்ளைகளாய் வளர்ந்த மாணாக்கர்கள் நாடெங்கும் இருந்தனர்.

ஆலயத் திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்க்கை இது. கொடுத்த பொருளைவிடக் கொடுத்தபின் தமக்கென எஞ்சியது எவ்வளவு என்பதே கொடையின் அளவுகோல். அந்த அளவுகோலால் நோக்கின், நாற்பது ரூபாயில் வாழ்ந்த அப்பெரியார் கோடி கொடுத்தவருக்கும் குறைந்தவரல்லர். அத்தகைய ஆசிரியர்கள் நம் நாட்டில் மேலும் மேலும் தோன்ற இறைவன் திருவருள் துணைபுரிவதாக!