பனி பெய்யாத ஊரில் ஒரு பண்டிகை

டிசம்பர் பிறந்ததும் பாகாயத்தின் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. கூடவே வந்து சேர்கின்றன, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களின் விளம்பரங்கள். பஞ்சால் செய்த பனி, வண்ண விளக்குகள், சிவப்பு அங்கி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா, குடும்பத்துக்கென ஒரு சிறப்புக் கட்டணம். மார்கழியிலும் நண்பகல் வெயில் சுடும் மாவட்டத்தில் இந்தப் பஞ்சுப் பனிக்கு என்ன வேலை என்று கேட்பவர் இல்லை. பனியே காணாத ஊரில் பனிக்காலப் பண்டிகையை அமைத்து, அதற்கு ஒரு நுழைவாயிலும் வைத்து, அதை ஆண்டுதோறும் வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸின் தந்தை என்று அவரை அறிந்த அளவுக்கு இந்தத் தொழிலின் தந்தை என்று நாம் அறிந்திருக்கவில்லை. அவர்தான் முதல்வர் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சாண்டா கிளாஸ் லேண்ட் என்ற பூங்கா 1946-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால், உலகம் பின்பற்றியது டிஸ்னியைத்தான்.

அவர் 1901 டிசம்பர் 5-இல் சிகாகோவில் பிறந்தார். தந்தை எலியாஸ் ஒரு தச்சர். 1893-இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டுமானப் பணியில் கூலிக்கு உழைத்தவர். சோஷலிசக் கொள்கையில் பற்றுள்ளவர். மிசௌரி மாநிலத்தின் மார்சலின் சிற்றூரில் அவர் நடத்திய பண்ணை கைகொடுக்காமல் போகவே, 1911-இல் குடும்பம் கான்சாஸ் சிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அங்கு எலியாஸ் செய்தித்தாள் விநியோக உரிமை ஒன்றை விலைக்கு வாங்கினார். ஒன்பது வயது வால்ட்டும் அண்ணன் ராயும் அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். வால்ட்டுக்கு இந்த உழைப்பு ஆறு ஆண்டுகள் நீடித்தது. சோஷலிசம் பேசிய தந்தை அந்த மகனுக்குக் கூலி எதுவும் தரவில்லை என்பது ஒரு முரண்.

முழங்கால் புதையும் பனியில் நடந்த அந்தச் சிறுவன், வசதியான வீடுகளின் முகப்பில் பிள்ளைகள் விட்டுச்சென்றிருந்த பொம்மைகளைக் காண்பான். இருட்டில் சிறிது நேரம் அவற்றோடு விளையாடுவான். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவான். பின்னாளில் அவரே நினைவுகூர்ந்த செய்தி இது. அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் மார்சலின் பண்ணையின் இனிய நினைவுகளுக்கே மிகுந்த இடம் தருகிறார்கள். அந்த வீட்டு முகப்புகளே அவரை உருவாக்கின என்பது என் எண்ணம்.

1923-இல் ஹாலிவுட் சென்று ராயுடன் நிறுவனம் தொடங்கியதும், 1928-இல் மிக்கி பிறந்ததும் பலரும் அறிந்த கதை. பொருளியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஆண்டு 1934. பெருமந்தத்தின் பிடியில் நொடித்துப்போய், கடன்காரர்கள் பொருட்டு நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வந்திருந்தது லயனல் என்ற பொம்மை ரயில் நிறுவனம். அந்தக் கிறிஸ்துமஸ் பருவத்தில் மிக்கியும் மின்னியும் நின்று இயக்கும் சிறு தண்டவாள வண்டி ஒன்றை அது ஒரு டாலருக்கு விற்றது. இரண்டரை லட்சம் வண்டிகள் விற்றன; நிறுவனம் மீண்டது. மீண்டதற்கு அந்த வண்டி ஒன்றே காரணமல்ல. ஆயினும் திரையில் ஓடும் ஓர் எலி, பண்டிகைக் காலக் கடைத்தெருவை அசைக்க வல்லது என்பது அப்போது தெளிவாயிற்று. ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் முதல் காட்சி 1937 டிசம்பர் 21-இல், பண்டிகைக்கு நான்கு நாள் முன்னதாக நடந்தது.

அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். 1941 மே மாத இறுதியில் அவருடைய ஓவியக் கலைஞர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, அதை அவர் உழைப்பாளர் குறையாகக் காணாமல் தமக்கு இழைக்கப்பட்ட துரோகமாகவே கண்டார். 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகக் குற்றஞ்சாட்டினார். கூலியில்லாமல் பத்திரிகை போட்ட சிறுவன் முதலாளியானபோது தன் தந்தையைப் போலவே நடந்துகொண்டான்.

அதே ஆண்டு டிசம்பரில், நாற்பத்தாறு வயதில், தமக்குத் தாமே ஒரு பிறந்தநாள்-கிறிஸ்துமஸ் பரிசு வாங்கிக்கொண்டார்: மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயில். வாழ்நாள் முழுதும் ஆசைப்பட்ட பொருள் அது என்று தங்கைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த ரயில் கண்காட்சிக்குப் போய்வந்தார். திரும்பிய கையோடு ஒரு பூங்காவுக்கான திட்டக் குறிப்பை எழுதினார். 1949 கிறிஸ்துமஸ் விழாவில், ஆள் அமர்ந்து ஓட்டக்கூடிய சிறு நீராவி எஞ்சினை ஸ்டூடியோ வளாகத்தில் ஓட்டிப் பார்த்தார். மனைவி லில்லியனின் பெயரால் அதற்கு லில்லி பெல் என்று பெயர். பின்பு வீட்டுத் தோட்டத்திலும் தண்டவாளம் ஓடியது. இந்த ரயிலும், மகள்களைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வார இறுதிகளும் சேர்ந்துதான் டிஸ்னிலேண்டாயின. கணக்குப் பார்த்து நடக்கும் ராய் தயங்கினார். வால்ட் தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் பங்கு சேர்ந்தது. அனஹைம் நகரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 160 ஏக்கரில், 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் உருவான பூங்கா 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்டது.

பூங்கா என்பது விந்தையான தொழில். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ராட்டினங்களின் வட்டியும் பராமரிப்பும் குறையா. கோடை விடுமுறை முடிந்தால் வார நாள்களில் வாயிலை மூடிவைக்கும் நிலை டிஸ்னிலேண்டுக்கும் இருந்தது. பனியே விழாத தென் கலிபோர்னியாவில் அந்தப் பள்ளத்தை நிரப்பக் கிடைத்த வழி கிறிஸ்துமஸ். முதல் ஆண்டில் சர்க்கஸ் கூடாரம் போட்டுப் பார்த்தார். டிஸ்னிலேண்டுக்கு வந்தவர்கள் சர்க்கஸை நாடவில்லை. கடைத்தெருவில் வைத்த பெரிய மரமும் அணிவகுப்புகளும் வென்றன.

ஓர் ஆண்டு கிறிஸ்துமஸ் அணிவகுப்புக்கு மூன்றரை லட்சம் டாலர் ஒதுக்கச் சொன்னாராம். விடுமுறையில் மக்கள் எப்படியும் வரத்தான் போகிறார்கள், அணிவகுப்பால் ஒரு சீட்டும் கூடுதலாக விற்காது என்றனர் கணக்கர்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதாலேயே அதைச் செய்ய வேண்டும் என்பது அவர் பதில். கணக்கர்கள் சொன்னது பாடநூல்படி சரி. கூடுதல் வருவாய் இல்லாத கூடுதல் செலவு வீண். ஆனால், அவர்களின் கணக்கு ஒரு டிசம்பரோடு முடிந்துவிட்டது. வால்ட்டின் கணக்கில், அன்று தோளில் அமர்ந்து அணிவகுப்பைப் பார்த்த குழந்தை இருபதாண்டுகள் கழித்துத் தன் குழந்தையோடு வரும். அது வணிகத் தந்திரமா, பிறர் வீட்டுப் பொம்மையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு ஓடிய சிறுவனின் ஏக்கமா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

1958-இல் பாடகர் குழுக்கள் கையில் மெழுகுவத்தியுடன் கடைத்தெரு வழியே பாடிச் செல்லும் பவனி தொடங்கியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹர்ட் அதை வழிநடத்தினார். வளர்ந்தபின் தேவாலயத்துக்கு அதிகம் போகாத ஒருவரின் வணிகப் பூங்காவில் இயேசு பிறப்பின் கதை ஆண்டுதோறும் ஒலித்தது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் ஒலிக்கும் நற்செய்தி இது என்று பாகாயத்தின் எளிய சபைகளில் ஆண்டுதோறும் பாடிவரும் நம் மக்களுக்குத் தோன்றக்கூடும். அதில் நியாயம் உண்டு.

இன்னொரு கேள்வியும் உண்டு. குடும்பங்கள் சேர்ந்து மகிழும் அந்த நாளில் சீட்டுக் கிழிப்பவரும், தரை பெருக்குபவரும், மிக்கியின் கனத்த முகமூடிக்குள் வியர்ப்பவரும் தம் குடும்பத்தோடு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலைகளின் பெண்களுக்கு இது புதிதன்று. மேலைநாட்டுக் கடைகளின் குளிர்காலப் பருவத்துக்கு அவர்கள் வெயில் காலத்திலேயே தைத்து முடிக்கிறார்கள். ஒருவர் விடுமுறை மற்றொருவர் வேலைநாள் என்பதைப் பத்திரிகைச் சிறுவனாக வால்ட் அறிந்திருந்தார். முதலாளியாக அது அவருக்கு நினைவிருந்ததற்குச் சான்று குறைவு.

1966 டிசம்பர் 15-இல், பிறந்தநாள் கழிந்த பத்தாம் நாள், நுரையீரல் புற்றுநோயால் அவர் மறைந்தார். பர்பேங்க் நகரில் அவருடைய ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 65. டிஸ்னிலேண்டில் கொடி அரைக்கம்பத்தில் இறக்கப்பட்டது. வாயில்கள் மூடப்படவில்லை, ஊழியர்கள் அன்றும் வேலைக்கு வந்தார்கள். அந்த விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் அணிவகுப்பு வழக்கம்போல் நடந்தது.