கப்பலில் கணக்குப் போட்ட சந்திரசேகர்

சர் சி.வி.ராமனை எல்லாருக்கும் தெரியும். அவரோட அண்ணன் மகன்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் கணக்கு அதிகாரி வேலை, அதான் அவ்வளவு தூரம். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும்.

1930-ல் கேம்பிரிட்ஜில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஆனா அம்மா சீதாலட்சுமி நோயில் படுத்திருந்தார். போகலாமா வேண்டாமா என்று மகன் தயங்க, போய்த்தான் ஆகணும் என்று அம்மாவே அனுப்பி வைத்தார். மறு வருஷமே அம்மா இறந்துவிட்டார். மகனால் வந்து பார்க்க முடியவில்லை. எனக்கு அவர் வாங்கிய பரிசைவிட இதுதான் மனசில் நிக்குது.

கப்பலில் போகும்போது அவருக்கு 19 வயசு. எரிந்து முடிந்த நட்சத்திரம் சுருங்கி வெள்ளைக் குள்ளன் ஆகும். சூரியன் அளவு எடை, பூமி அளவு உருவம்! அதை மேலும் நசுங்காமல் தாங்குவது எலக்ட்ரான்கள். அதுக்கும் ஒரு எல்லை உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் தாங்காது. 1935 ஜனவரி 11-ல் லண்டன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பெரிய விஞ்ஞானி எடிங்டன் எல்லார் முன்னாலும் கேலி செய்தார். சபையே சிரித்தது. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை, கணக்கை மாற்றவும் இல்லை. 1937-ல் அமெரிக்கா போய் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பிளாஸ்மா பற்றியும் பாடம் நடத்தினார். அது 1960-ல் புத்தகமாக வந்தது.

பிளாஸ்மான்னா என்ன? எலக்ட்ரான் பிரிந்துபோன அணு அயனி. அயனியும் எலக்ட்ரானும் கலந்து கிடப்பது பிளாஸ்மா. டியூப்லைட்டுக்குள் அயனிகள் தள்ளித் தள்ளி ஓடும். வெள்ளைக் குள்ளனுக்குள் அப்படி இல்லை. சந்தை நாளில் திருச்சுழி பஸ் மாதிரி நெருக்கடி, பக்கத்து ஆள் நகராமல் நாம நகர முடியாது. ஒவ்வொரு அயனியும் மற்ற எல்லாத்தையும் தள்ளும். இதைப் பேப்பரில் போட்டு முடியாது. அதனால் 1966-ல் பிரஷ், சாலின், டெல்லர் மூவரும் கம்ப்யூட்டருக்குள் அயனிகளைப் புள்ளிகளாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தார்கள். தள்ளும் ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 175 மடங்கு ஆனால், அயனிகள் வரிசை கட்டி உப்புக்கல் மாதிரி உறைந்துவிடும் என்று பின்னால் வந்த கணக்குகள் காட்டின.

1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் மறைந்தார். 1999-ல் விண்ணுக்குப் போன எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு சந்திரா என்று அவர் பெயரையே வைத்தார்கள். வெள்ளைக் குள்ளன்கள் உள்ளே உறைவதற்கான அடையாளம் 2019-ல்தான் கிடைத்தது, கையா விண்கலம் அளந்த சுமார் 15,000 வெள்ளைக் குள்ளன்களில்.