கோழிக்கூட்டில் ஸ்டூடியோ வைத்த கல்கத்தா சீமாட்டி!

இலங்கை மலைநாட்டில் போகவந்தலாவை என்று ஓர் ஊர். அங்கே செயிண்ட் மேரீஸ் சர்ச் வளாகத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கல்லறை இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற போட்டோகிராபர் அவர். விஞ்ஞானி டார்வினைப் படம் பிடித்தவர். கவிஞர் டென்னிசனைப் படம் பிடித்தவர். கடைசிக் காலத்தில் தோட்டத்துத் தமிழர்களையும் படம் பிடித்தவர்.

பெயர், ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 48 வயது வரை அவருக்கென்று ஒரு கேமரா கிடையாது!

கல்கத்தாவில் பிறந்தார்

1815-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் கல்கத்தாவிலேயே கல்யாணம். மாப்பிள்ளை சார்லஸ் ஹே கேமரூன் பெரிய சட்ட நிபுணர். பெண்ணைவிட 20 வயது மூத்தவர்.

கேமரூன் துரைக்கு இலங்கை மீது தீராத பிரியம். அங்கே காப்பித் தோட்டங்கள் வாங்கிப் போட்டார். குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்ற ஊரில் குடியேறியது. வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. அதுவும் இலங்கைத் தோட்டத்தின் பெயர்தான்!

1863 டிசம்பர் மாதம். துரை தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். வந்தது வினை!

கரி அறை இருட்டறை ஆயிற்று

அந்தக் கேமரா கையில் அடங்குகிற சமாசாரம் அல்ல. பெரிய மரப்பெட்டி. உள்ளே போடும் கண்ணாடித் தகடே 11 அங்குலத்துக்கு 9 அங்குலம். லென்ஸ் பிரான்சு நாட்டு ஜாமின் தயாரிப்பு. வியன்னாவில் கணக்குப் பேராசிரியராக இருந்த பெட்ஸ்வால் 1840-ல் போட்ட கணக்கை வைத்துச் செய்யப்பட்ட ரகம்.

நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆயிற்று. கண்ணாடி போட்ட கோழிக்கூடு ஸ்டூடியோ ஆயிற்று. கோழிகள் வெளியேறின, கவிகளும் பிரபுக்களும் உள்ளே நுழைந்தார்கள்.

அப்போது பிலிம் இல்லை. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். கையெல்லாம் கறுப்புக் கறை. அம்மையார் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை.

முதலில் ஒரு விவசாயியைப் பிடித்து, மணிக்கு அரை கிரவுன் கூலி கொடுத்து உட்கார வைத்தார். படம் விழுந்தது. சந்தோஷத்தில் ஈரத்தகட்டின் மேலேயே கையை வைத்துவிட்டார். படம் அழிந்தது! கூலி போனதுதான் மிச்சம்.

1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படம்தான் முதல் வெற்றி. ஆனந்தம் தாங்காமல், குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று வீடு முழுவதும் தேடினாராம்.

மங்கல் படம் என்று கேலி

இனிதான் வம்பு ஆரம்பம். படங்கள் ஷார்ப்பாக இல்லை, போகஸ் பண்ணவே தெரியவில்லை என்று போட்டோ பத்திரிகைகள் கிழித்தன. தூசி, கீறல், கைரேகை எல்லாவற்றையும் சுட்டிக் காட்டின. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது என்பதே நமது அபிப்பிராயம்.

லென்ஸ் மீதும் கொஞ்சம் குற்றம் உண்டு. நம் கண் மஞ்சள், பச்சை ஒளியில் பார்த்து போகஸ் பண்ணுகிறது. ஈரத்தகடோ நீல ஒளியில்தான் படம் பிடிக்கும். சரியாகத் திருத்தப்படாத லென்சில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் விழாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் தகட்டில் மங்கலாக வரும். விவரம் தெரிந்தவர்கள் கண்ணால் போகஸ் பார்த்த பிறகு, லென்சுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தைத் துளி குறைப்பார்கள். பழைய லென்ஸ் வைத்துப் படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் கவனிக்கிற விஷயம் இது.

சரி, லென்ஸ்தான் காரணமா? 1866-ல் அம்மையார் புதுக் கேமராவுக்கு மாறினார். தகடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். லென்ஸ், லண்டன் டால்மேயர் தயாரித்த 30 அங்குல ரேபிட் ரெக்டிலீனியர். அந்தக் காலத்தில் அசல் சரக்கு. நிறக்கோளாறு திருத்தப்பட்டது.

ஆனால் அம்மையார் செய்தது என்ன? முகத்தை ஏறக்குறைய நிஜ அளவுக்கு நிரப்பி எடுத்தார். இவ்வளவு பெரிய தகட்டில், இவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் ஓர் அங்குலம்கூடத் தேறாது. கண் ஷார்ப்பாக இருந்தால் காது மங்கிவிடும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸ் வாயைச் சுருக்கி, சின்னப் படமாக எடுத்து, கழுத்துக்குப் பின்னால் இரும்பு முட்டுக் கொடுத்துத் தப்பித்தார்கள். அம்மையார் படங்களுக்கோ 3 நிமிஷம் முதல் 7 நிமிஷம் வரை அசையாமல் உட்கார வேண்டும்! யார் உட்காருவார்கள்? 1867-ல் எடுத்த கார்லைல் படத்தில் முகமே அசைந்திருக்கிறது.

முதலில் தற்செயலாக மங்கியது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். போகஸ் பண்ணிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவாராம். அதற்கு மேல் திருகமாட்டார். ஆகவே பிறகு வந்ததெல்லாம் பிழை அல்ல, பிடிவாதம்.

அதே 1867-ல் எடுத்த வானவியல் மேதை ஹெர்ஷல் படத்தைப் பார்த்தவர்கள் கேலியை மறந்தார்கள். வெளிச்சம் ஏந்திய வெள்ளை முடி, நீர் கோத்த கண்கள். 1868-ல் வாடகைக்கு வந்து தங்கிய டார்வினும் தம் படத்தை மிகவும் விரும்பினார். லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் அவருக்கு இரண்டு அறைகளையே ஒதுக்கிக் கொடுத்தது.

தோட்டத்தில் கடைசி நாட்கள்

1875-ல் குடும்பம் இலங்கைக்குக் கப்பல் ஏறியது. செலவு தாங்கவில்லை. காப்பிச் செடிகளிலும் நோய். களுத்துறையில் வீடு. கேமராவும் கூடவே வந்தது. ஆனால் அங்கே எடுத்த படங்களில் மிஞ்சியவை 30-கூட இல்லை.

அவற்றில் தோட்டத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து காப்பித் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போன ஜனங்களின் காலம் அது. டார்வினுக்கும் டென்னிசனுக்கும் பெயர் எழுதி வைத்த அம்மையார், இவர்கள் படங்களில் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை. முகங்கள் இருக்கின்றன, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

1879 ஜனவரி 26-ந் தேதி, டிக்கோயா பக்கம் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் ஜூலியா அம்மையார் காலமானார். வயது 63. மறு வருஷமே துரையும் போய்ச் சேர்ந்தார். போகவந்தலாவையில் இருவரையும் அருகருகே அடக்கம் செய்தார்கள்.